இடம் கொடுக்காத என்ஜின்

ரெபேக்காவுக்கு இல்லை என்று சொல்லவே வராது. மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற இந்தப் பதினாறு வருடத்தில், மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு இடம் கொடுக்காத நாளே கிடையாது. "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பது அந்த ரயிலில் வேதவாக்கு. வம்பு என்னவென்றால், அவள் எழுதிய மென்பொருளும் அதே குணத்தோடு பிறந்துவிட்டது.

அது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்ற விதிகளை டாக்டர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஜாவாவைப் பிரித்து மேய முடியுமா? விதி பார்த்து ரிப்போர்ட் எழுதும் பகுதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறொரு மொழியில் வைத்து, அதை ஓட்ட ஒரு சின்ன என்ஜினை ஜாவாவுக்குள்ளேயே உட்கார வைத்தாள். ஒரு மொழியின் வயிற்றுக்குள் இன்னொரு மொழி உயிரோடு ஓடியதை முதல்நாள் பார்த்தபோது அவளுக்கு மெய்சிலிர்த்தது. அதைக் கிளப்ப நேரம் பிடிக்கும் என்பதால், ஆளுக்கொன்று எதற்கு என்று எல்லா நோயாளிகளுக்கும் ஒரே என்ஜினைப் பொதுவாக்கினாள். நான்கு வருடம் ஒரு புகாரும் இல்லை.

ஜாவாவின் புதிய பதிப்பில் அந்தப் பழைய என்ஜினை எடுத்துவிட்டார்கள். வேறொன்றைப் பொருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரயில் பங்காருபேட்டையில் நிற்கையில் மடியிலிருந்த லேப்டாப்பில் சோதித்தாள். இரண்டு ரிப்போர்ட்டை ஒரே நேரத்தில் அனுப்பியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒருவர் வேலை நடக்கையில் இன்னொருவரை உள்ளே விடமாட்டேன் என்றது என்ஜின்.

"இன்னா திமிரு பாரு இதுக்கு!" என்று பக்கத்துச் சீட்டுத் தோழி ஷைலாவிடம் புலம்பினாள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு," என்று ஷைலா சிரித்தாள்.

ரெபேக்கா சிரிக்கவில்லை. இது மறுக்கிறதென்றால் பழையது எப்படி இடம் கொடுத்தது? ஒருவரின் எண்ணை வாங்கி விதியைப் பார்ப்பதற்குள், அடுத்தவரின் எண் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால்? கோபம் போன இடத்தில் பயபக்தி வந்தது. தனக்குத் தெரியாத நியாயம் இந்தச் சின்ன என்ஜினுக்குத் தெரிந்திருக்கிறதே!

ஆளுக்குத் தனி இடம் என்று மாற்றினாள். அந்த வாரம் ரத்தத்தைச் சோதிக்கும் மெஷின் கொடுத்த எண்கள் சர்வரில் அப்படியே இருந்தன. அவற்றைப் புதிய என்ஜினில் ஓட்டி, அச்சாகிப் போன ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டாள். ரயில் டேக்கல் போய்ச் சேருமுன் ஆயிரத்துச் சொச்சம் பேரை அது பார்த்து முடித்திருந்தது. வாய்பிளந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் பொருந்தின. ஏனோக், அறுபத்திரண்டு வயது, பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு, ஆபத்தான அளவு. ரிப்போர்ட்டில் இருந்ததோ வேறு யாருடையதோ ஒரு நாலு புள்ளி இரண்டு, நார்மல்.

பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் வாணிக்குப் போன் போட்டு ஏனோக்கைப் பற்றிக் கேட்டாள்.

"நேத்து வந்த கிட்னி பேஷண்ட்டா? நார்மல்னு சொன்னதும் ஆசையா வாழைப்பழம் வாங்கினு போனாரேக்கா!"

"ஐயோ, அந்த ரிப்போர்ட்டு தப்பு! பழத்தத் தின்னா பொட்டாசியம் இன்னும் ஏறும். இதயமே நின்னுடும். உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ!"

மாலூரில் இறங்கிப் பிளாட்பாரத்திலேயே நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து வாணி கூப்பிட்டாள். ஊசி போட்டாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை. அடுத்து ஏனோக்கே பேசினார்.

"ரயில்ல குந்தினே என் ரிப்போர்ட்டுல தப்பு கண்டுபுடிச்சியாமே? நீ நல்லா இருக்கணும்மா."

அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

"அந்தத் தப்ப எழுதினதே நான்தாங்க ஐயா," என்றாள் ரெபேக்கா. "இன்னும் நாலு வருஷத்து ரிப்போர்ட்டையும் பாக்கணும்."