ஒரே செயின் வீல் போதும்

மலைக்கென்று செய்த என் கியர் சைக்கிளில் பெடல் பக்கம் மூன்று செயின் வீல். நான் மிதிப்பது நடுவில் இருப்பதை மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் செயினைக் கழற்றிவிடுவதே வேலை.

இன்று பாகூர் சைக்கிள் கடையில் அந்த இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன்.

கடைக்கார அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா, நல்லா இருக்கறத கழட்டச் சொல்ற? மேடு வந்தா இன்னா பண்ணுவ?"

"இங்க மேடு எங்கண்ணே இருக்குது?"

பஞ்சர் ஒட்ட வந்தவர்களும் சேர்ந்து யோசித்தார்கள். கடைசியில் ஒருவர், "ஏரிக்கரை இருக்குதே" என்றார்.

அந்த ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன். நேராக ஏரிக்கரைக்குப் போய், கால் ஊன்றாமல் ஏறி, மேலே நின்று அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன்.

"எறங்கும்போது பாத்து" என்று பதில் வந்தது.

கழற்றிய இரண்டும் பையில் பத்திரமாக இருக்கின்றன. நம்ம பாகூர் கொம்யூன் ஊர்களில் யாராவது ஒரு மலையைக் காட்டுங்கள், திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.