மெட்டிக்கு இடமில்லாத ஷூ

குதிகால் வலிக்காகத்தான் ஷூ தேடினேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். ஆசையும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் காட்டன் சுடிதார், திங்கட்கிழமை மட்டும் புடவை. இரண்டுக்கும் சேருகிற மாதிரி, விளையாட்டு டீச்சர் என்று யாரும் நினைத்துவிடாத மாதிரி ஒரு ஸ்னீக்கர்ஸ் வேண்டும். போனில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. ஆர்டர் போட்டு வந்த ஜோடி சுண்டுவிரலைக் கடித்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

கீழராஜ வீதிக் கடை ஒன்றில் வெளிர் சந்தன நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது. பார்த்ததுமே பிடித்துவிட்டது. காலை நுழைத்தால் மெட்டி அழுத்தியது.

"மெட்டியக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க," என்றாள் கடைப் பெண்.

தாலி ஏறிய நாளிலிருந்து கழற்றியதில்லை. இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தால் சுலபமாக வந்துவிட்டது. இரண்டையும் அட்டைப்பெட்டி மூடியில் வைத்துவிட்டு நடந்து பார்த்தேன். கண்ணாடியில் என் பழைய சுடிதாரே புதுசாகத் தெரிந்தது. ஷூவைக் கழற்ற மனசே வரவில்லை. "இதையே போட்டுட்டுப் போறேன். செருப்ப மட்டும் கவர்ல போடும்மா, பெட்டி வேணாம்," என்றேன்.

திரும்புகிற பஸ் அன்னவாசல் தாண்டும்போது, கால் ரொம்ப சுகமாக இருக்கிறதே என்று தோன்றியது. ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. மெட்டி இரண்டும் கடையில் அந்த அட்டைப்பெட்டி மூடியிலேயே கிடந்தன.

பில்லில் இருந்த நம்பருக்குப் போட்டேன். "தேடிப் பாக்குறோம்க்கா," என்று வைத்துவிட்டார்கள். அடுத்து கத்தாரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் எப்போதும் எடுத்துவிடுவார். அவருக்குக் கட்டட வேலை, உயரத்தில் நின்று செய்கிற வேலை. எங்கள் பக்கம் புருஷன் தவறிப்போனால்தான் மெட்டியைக் கழற்றுவார்கள். அறிவியல் டீச்சர் நான். மூடநம்பிக்கையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தவள். அந்த அறிவெல்லாம் அன்னவாசலிலேயே இறங்கிக்கொண்டது. நானே அவரை ஏதோ செய்துவிட்ட மாதிரி திரும்பத் திரும்ப அவர் நம்பரையே அழுத்தினேன்.

வீட்டு வாசலில் இன்னொரு பயம். ஷூவோடு உள்ளே போக முடியாது. கழற்றினால் வெறும் விரல் தெரியும். உள்ளே இருப்பவர் மாமியார், சின்ன வயசிலேயே மெட்டியைக் கழற்றியவர். படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன்.

"என்னத்தா, அங்கிட்டே ஒக்காந்துட்ட?" என்று அவரே வந்துவிட்டார்.

வேறு வழியில்லை, கழற்றினேன். அவர் பார்வை நேரே விரலுக்குப் போனது. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவென் ஒனக்குப் போன் பண்ணுனானா?" என்றார். கையில் அவருடைய போன் இருந்தது. "நானும் போட்டுட்டேன். எடுக்க மாட்டேங்குறான்."

படியிலேயே இருவரும் உட்கார்ந்தோம். என் போனில் மணி அடித்து ஓய்ந்தால் மாமியார் தன் போனிலிருந்து போட்டார். மெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

போன் அடித்தது. கடையிலிருந்து. மெட்டி கிடைத்துவிட்டதாம். "சரி சரி, வைங்க மொதல்ல! வேற போன் வரணும்," என்று எரிந்து விழுந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்காரரே கூப்பிட்டார். இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு அசந்து தூங்கிவிட்டாராம். மாமியார் போனைப் பிடுங்கி, "சாப்புட்டியாடா?" என்றார். உடனே போனை என்னிடம் நீட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நானும் அதையேதான் கேட்டேன்.