ஏழு ராத்திரிச் சாப்பாடு

வெர்னா குசேரா காபி ஊற்றினால் ஒரு சொட்டு கீழே விழாது. நெப்ராஸ்காவில், ஒகாலாலாவைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலையோரம், தானியக் கிடங்குக்கு எதிரே முப்பத்தோரு வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆறு கண் அடுப்பு, ஒன்பது மேஜை, பரிமாறுகிற நீள மேடை ஒன்று, அத்தனையும் அவள் கையால் வந்தது. முதன்முதலில் பேங்கில் கடன் கேட்கப் போனபோது புருஷனைக் கூட்டி வரச் சொன்னார்கள். “எமிலுக்கு வண்டிக்குப் பெட்ரோல் போடத் தெரியும். மனுஷனுக்குச் சோறு போட எனக்குத்தான் தெரியும். எது வேணும் உங்களுக்கு?” என்று கேட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த மாவட்டத்தில் அவள் கடையில் சாப்பிடாதவன் என்று ஒருத்தனைக் காட்டட்டும் பார்க்கலாம்.

எமில் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. இந்த வசந்தத்தில், அறுபத்தெட்டு வயதில், கடையை விற்றுவிட்டாள். அதே பேங்க்தான் வயதான வாடிக்கையாளர்களை வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றக் கூட்டிப்போகிறது. செப்டம்பரில் எட்டு நாள், யெல்லோஸ்டோன், கிளேசியர் மலை எல்லாம். கடையும் இல்லை, செய்ய வேலையும் இல்லை, வெர்னா பேர் கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். எல்லாரையும் அவளுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததும் தட்டுதான் ஞாபகத்துக்கு வரும். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஆர்வில் டீட்ஸ்: ரெண்டு முட்டை, மஞ்சள் கரு உடையக்கூடாது, ரொட்டிக்கு வெண்ணெய் வேண்டாம். பாதிரியார் மனைவி அல்மா: சூப் மட்டும், ஆனால் கடைசியில் யாரும் பார்க்காதபோது ஒரு துண்டு பை, பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. இப்படி முப்பத்தேழு பேருக்கும் சொல்வாள்.

வண்டி கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஜனெல் காகிதங்களோடு இருக்கைகளுக்கு நடுவே வந்தாள். பேங்கிலிருந்து கூட வரும் பெண், நாற்பது வயது இருக்கும். காலைச் சாப்பாடு மோட்டலில் இலவசம். மத்தியானம் வண்டி நிற்கும் இடத்தில் அவரவர் பாடு. ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திட்டம்: ஏழு ராத்திரிக்கும் இப்போதே மொத்தமாகக் கட்டிவிட்டால் போதும், போகிற ஊரில் எல்லாம் மேஜை தயாராக இருக்கும். கட்டியவர்கள் கழுத்தில் தொங்கும் பெயரட்டையில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு வட்டம் ஒட்டினாள்.

“மிஸஸ் குசேரா, உங்களுக்கும் ஒட்டிடட்டுமா?”

“இன்னும் அடுப்புல ஏத்தாத சோத்துக்கு இப்பவே காசா?” வெர்னாவின் குரல் கடையில் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். “நாப்பது பேருக்கு மொத்தமா போடுற மாட்டுக்கறி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மத்தியானமே அறுத்து, வெந்நீர் மேல வெச்சு, சாயங்காலம் கொண்டாந்து போடுவான். செருப்புத் தோலைக் குழம்புல ஊறப்போட்ட மாதிரி. என் வாழ்க்கையில நான் சாப்பிடாததுக்கு முன்கூட்டிக் காசு குடுத்தது கெடையாதும்மா.”

பஸ்ஸே சிரித்தது. ஆர்வில் திரும்பிப் பார்த்தார். “வெர்னா சொன்னா சரியாத்தான் இருக்கும். என்ன பண்றது, நான் கட்டித் தொலைச்சிட்டேன். பல்லும் புதுசு. தோலா இருந்தாலும் மென்னுதான் ஆகணும்.”

மறுபடியும் சிரிப்பு. வெர்னாவுக்கு நன்றாக இருந்தது, கடை மேடைக்குப் பின்னால் நிற்பது மாதிரி. கடைசியில் பார்த்தால், முப்பத்தேழு பேர் அட்டையிலும் சிவப்பு வட்டம். அவள் அட்டையில் மட்டும் இல்லை.

முதல் ராத்திரி காஸ்பரில், கூடையில் கொண்டுவந்திருந்த ஹாம் பன்றிக்கறியையும் ரொட்டியையும் அறையில் சாப்பிட்டாள். இரண்டாவது ராத்திரி கோடி என்ற ஊரில் தன் திறமையைக் காட்டினாள். எந்தக் கடை வாசலில் சேறு படிந்த உள்ளூர் வண்டிகள் நிற்கின்றன என்று பார்த்தாள். பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் வாசனை பிடித்தாள். பழைய எண்ணெய் வாசனை இல்லை. உள்ளே போனாள்.

“ஒருத்தர்தானா?” என்றாள் பரிமாறுகிற பெண்.

“ஒருத்தர்தான்.”

அந்தப் பெண் எதிரே இருந்த தட்டு, முள்கரண்டி, கோப்பை மூன்றையும் ஒரே கையால் அள்ளிக்கொண்டு போனாள். சுத்தமான வேலை. வெர்னாவும் ஆயிரம் தடவை அப்படி அள்ளியிருக்கிறாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு அருமை. மாவில் புரட்டிப் பொரித்த கறி, பன்றிக்கொழுப்பு போட்டுப் பிசைந்த மாவில் சுட்ட பை, அவள் கடையில் செய்தது போலவே. கூட்டத்தோடு சாப்பிடுகிறவர்களுக்கு இது கிடைத்திருக்காது. அவள் சொன்னதுதான் சரி. அதைச் சொல்ல மேஜையில் ஆள் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லாரும் இரண்டு வரிசை முன்னே நகர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் ஜன்னல் பார்வை சமமாகக் கிடைக்க வேண்டும் என்று ஜனெல் போட்ட ஏற்பாடு. வெர்னா பக்கத்து இருக்கையில் அவளுடைய பைதான். அவளுக்குப் பின்னால் அல்மா.

“நேத்து ஒரு கடை கண்டுபிடிச்சேன்” என்று வெர்னா திரும்பி ஆரம்பித்தாள். “கறின்னா கறி, அப்பிடியே கரையுது...”

“அப்பிடியா! எங்களால அங்க வர முடியாதேம்மா, காசு கட்டியாச்சே” என்றாள் அல்மா. அதற்குள் முன்னாலிருந்து யாரோ, “அல்மா, கேரட்!” என்று கத்தினார்கள். பஸ் முழுக்க வெடித்துச் சிரித்தது. அல்மா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டிரைவர்கூடச் சிரித்தார், அவரும் அந்த மேஜையில்தான் சாப்பிடுகிறார்.

வெர்னாவும் சிரிக்கிற மாதிரி வாயை விரித்து வைத்தாள். பிறகு பையைத் திறந்து எதையோ தேடுகிறவள் மாதிரி தேடினாள்.

அன்றைக்கு மட்டும் ‘கேரட்’ ஏழு தடவை வந்தது. என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால், தெரியாது என்று ஆகிவிடும். முப்பத்தோரு வருஷம் ஊர் வம்பெல்லாம் அவள் மேடையைத் தாண்டித்தான் போகும். அவளுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் அவள் எதிரேயே சிரித்ததில்லை.

மூன்றாவது ராத்திரி யெல்லோஸ்டோன் வாசலில் தங்கினார்கள். அங்கே கடைகளெல்லாம் பயணிகளைக் கொள்ளையடிக்கிற கடைகள். மத்தி மீன் டப்பாவைத் திறந்து, பிஸ்கட்டோடு ஜன்னலோரம் நின்றபடி சாப்பிட்டாள். எப்போதும் நின்றுதான் சாப்பிடுவாள். கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பாத்திரத்தில் மிஞ்சியதை, அடுப்படியில் நின்றபடி நாலு நிமிஷம். எமில் பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் பெட்ரோல் போடப் போய்விடுவார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் உடனே கலைந்து போகவில்லை. வண்டிகள் நிற்கும் இடத்திலேயே கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்று பேசினார்கள். கடைக்கு வெளியே அவர்கள் அப்படி நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் முதுகுதான், கதவைத் திறந்துகொண்டு போகிற முதுகு.

நாலாம் நாள் மத்தியானம் மொன்டானாவில் ஒரு ஆற்றோரம் வண்டி நின்றது. வெர்னா ஜனெலைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அந்தச் சாப்பாட்டுக் கணக்குல இப்ப சேர முடியுமா?”

“இன்னிக்குத்தான் கடைசி, மிஸஸ் குசேரா. சமையல்காரங்களுக்கு ஆள் எண்ணிக்கை சொல்லிடணும்.” ஜனெல் தயங்கினாள். “ஆனா ஏழுக்கும் உள்ள விலைதான். மூணு போயிடுச்சுன்னு கம்பெனி கழிக்காது. எனக்கே சொல்ல ஒரு மாதிரியா இருக்கு.”

இதே வார்த்தையை எந்த முட்டைக்காரனாவது வெர்னாவிடம் சொல்லியிருந்தால் கூடையோடு வெளியே போயிருப்பான். சாப்பிடாத மூன்று சாப்பாட்டுக்கும், இன்னும் அடுப்பில் ஏற்றாத நாலு சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு. அவள் ஆற்றைப் பார்த்தாள். ஆர்வில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஒரு ஆப்பிளை அரை மணி நேரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஜனெல் பென்சிலை நாக்கில் தொட்டாள். “இன்னிக்கு மாடா, கோழியா?”

வெர்னா பணப்பையை மூடினாள். முப்பத்தேழு பேருக்கும் சொல்வாள். தனக்கு?

“எது மிஞ்சுதோ அதைப் போடச் சொல்லு.”

“மிஞ்சாதும்மா. நீங்க சொன்னாத்தான் வைப்பாங்க.”

“மாடு” என்றாள் கடைசியில், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

அன்று ராத்திரி கிரேட் ஃபால்ஸில் மூன்று நீள மேஜை. வெர்னா கழுத்தில் சிவப்பு வட்டத்தோடு உள்ளே வந்ததும் எல்லாரும் கையைத் தட்டினார்கள். ஆர்வில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கறி வந்தது. முப்பத்தேழு முள்கரண்டி நின்றது.

“என்ன வெர்னா, செருப்புத் தோல் எப்பிடி இருக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

மென்றாள். மத்தியானமே அறுத்தது. வெந்நீர் மேல் வைத்தது. அவள் சொன்னது அட்சரம் பிசகவில்லை.

“உப்புக் கொஞ்சம் கம்மி” என்றாள். “உப்பை இப்பிடித் தள்ளுங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டுத் தின்னத் தொடங்கினார்கள். அவள் ஆர்வில் பக்கம் குனிந்தாள். “அந்தக் கேரட் என்ன கதை?”

“அதுவா! மொத நாள் ராத்திரி யாரோ முள்கரண்டியால குத்துனதும் ஒரு கேரட் எகிறிப் போச்சு. எங்க போச்சுன்னே தெரியல. மறுநாள் ராத்திரி மேஜைல அல்மா கண்ணாடி எடுக்கக் கைப்பைய தொறந்தா, உள்ள கேரட்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றார் ஆர்வில். “கேட்டா ஒண்ணுமில்ல. கூட இருந்திருந்தா நீயும் சிரிச்சிருப்பே.”

நாலு நிமிஷத்தில் அவள் தட்டு காலி. பார்த்தால், மற்றவர்கள் இன்னும் ரொட்டிக்கே வெண்ணெய் தடவி முடிக்கவில்லை. ஆர்வில் கறியை நறுக்கிக்கொண்டுதான் இருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள். மேஜைமேல் வைத்தாள். கை துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள். பக்க மேஜையில் காபிக் கெட்டில் சூடாக இருந்தது. எழுந்து அதை எடுத்தாள்.

“ஆ, வெர்னா, இங்க!” “எனக்கு அரைக் கோப்பை!” “பழைய ஞாபகம் வந்துருச்சா!” கோப்பைகள் நீண்டன. மூன்று மேஜையையும் சுற்றி வந்தாள். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. எல்லார் முதுகும் அவளுக்குத் தெரிந்த முதுகு. காசு கட்டி வந்து இதைச் செய்கிறோமே என்று கடைசிக் கோப்பையில்தான் உறைத்தது.

திரும்பி வந்தபோது அவள் இடம் துடைத்திருந்தது. தட்டு, முள்கரண்டி, கோப்பை, துணி எதுவும் இல்லை. நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளியிருந்தார்கள். எழுந்து போய்விட்டாள் என்று நினைத்திருப்பாள் இங்கே பரிமாறுகிற பெண். சுத்தமான வேலை.

கெட்டிலோடு நின்றாள். இனி யாருக்கும் ஊற்ற வேண்டியதில்லை, ஆர்வில் ஒருவரைத் தவிர. அவர் கோப்பைப் பக்கம் போய்க் கெட்டிலைச் சாய்த்தாள். அவர் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

“எனக்கு வேணாம்.” இன்னும் மென்றுகொண்டிருந்தார். பாதிக் கறி அப்படியே இருந்தது. “எனக்கு இது முடிய இருபது நிமிஷமாவது ஆகும். உக்காரு.”

நாற்காலியை வெளியே இழுத்தாள். கெட்டிலை வைக்க இடம் தேடி, கடைசியில் தட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆர்வில் அடுத்த துண்டை நறுக்கினார், ரொம்பச் சின்னதாக. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கும் மாடு, இல்லையென்றால் கோழி. எதுவானாலும் அவர் மாதிரி நறுக்கிப் பார்க்க வேண்டும்.