மன்னிப்புக் கேட்கும் புலி

புலி மன்னிப்புக் கேட்பது எனக்கு அடியோடு பிடிக்காது. ஆனால் எத்தனையோ வருஷமாக அது என் வாயால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்க வைத்தவள் என் மனைவியின் தங்கை.

நான் பிளம்பர். குழாய்க்குள் கல் உருளுகிற மாதிரி ஒரு தொண்டை எனக்கு. சின்னவள் ஒரு கம்பெனிக்குக் குழந்தைக் கதைகள் எழுதி, அவளே பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாள். பெற்றோர் அதைப் போனில் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். முயல், கிளி, நிலா எல்லாம் அவள் குரல். புலி, கரடி, பூதம் நான்.

அவள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் போர்வை. இரைச்சல் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்துவாள், ஃபிரிட்ஜையும் பிடுங்கி விடுவாள். திரும்ப மாட்ட மறந்து பால் திரிந்தால் பழி என் தலையில்: "நீங்கதானே மாமா கடைசியா வெளிய போனீங்க?"

பெற்றோர் எழுதுவதையெல்லாம் கம்பெனி அவளுக்கு அனுப்பிவிடும். கதையில் யாரும் சாகக்கூடாது. அப்பாவும் பாத்திரம் கழுவ வேண்டும். சித்தி என்றால் நல்லவளாக இருக்க வேண்டும். கொஞ்சம் அறிவியலும் இருந்தால் நல்லது. நான் சிரித்தால் அவளுக்குக் கோபம் வரும். "அவங்க புள்ள, அவங்க கேக்கறாங்க. உங்களுக்கென்ன?" என்பாள். அப்படித்தான் என் புலி பல் தேய்க்க ஆரம்பித்தது.

"புலி எங்கயாச்சும் பல்லு தேய்க்குமா?"

"உங்களை விட ஒழுங்கா தேய்க்கும். மைக்கை விட்டுத் தள்ளி நில்லுங்க, சிகரெட் வாடை தாங்கல."

ஆனால் கெட்டிக்காரி. பெற்றோர் கதையின் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்று கண்டுபிடித்தாள். தன் மகளைத் தூங்க வைக்கும்போது அவளே அப்படித்தானாம். அதனால் பல் தேய்ப்பது, பகிர்ந்து தின்பது எல்லாம் முன்னால். பெரியவர்கள் நகர்ந்த பிறகு புலி வரும், உறுமும், துரத்தும். கடைசியில் மட்டும் ஒரு மன்னிப்பு. யாராவது திரும்பி வந்து கேட்டுத் தொலைத்தால்?

ஒரு அப்பா பிள்ளையின் பக்கத்திலேயே தூங்கிப் போய்விட்டார். என் உறுமலில் விழுந்தடித்து எழுந்திருக்கிறார். அதைப் பார்த்துப் பிள்ளை சிரித்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில் கம்பெனிக்கு நீளமாக எழுதிவிட்டார்.

கம்பெனி மேலாளர் அம்மா சின்னவளிடம் போனில் சுருக்கமாகச் சொன்னார்: உறுமல் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும்.

வேலை போனால் சின்னவள் மகளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். புருஷனை விட்டு வந்த புதிதில் எங்கள் கூடத்தில் படுத்திருந்தவள். இன்னொரு தடவை அங்கே பாய் விரிக்க மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவள்.

"என் குரலை எடுத்துடு. வேற ஆளப் பாத்துக்கோ," என்றேன்.

"வேற ஆள் எதுக்கு? உறுமல் கூடாதுன்னுதான் சொன்னாங்க. புலி கூடாதுன்னு சொல்லலையே."

நேற்று கூப்பிட்டாள். வேலையிலிருந்து நேரே போனேன், கை கால்கூடக் கழுவவில்லை. தாளை நீட்டினாள். முயல் பொந்துக்குள், புலி வாசலில். நான் உறுமுகிற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

"இங்க என்னம்மா பண்ணணும்?"

"உறுமாதீங்க மாமா. வேலை முடிஞ்சு வந்து அக்காகிட்ட சொல்வீங்கல்ல, அதே மாதிரி மெதுவா, 'பசிக்குது'ன்னு மட்டும் சொல்லுங்க."