சுமைகாரனாக ஒரு பிறவி

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில், மதியச் சாப்பாட்டு மேசையில், நன்றாகப் படித்த மூன்று பேர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு இப்படிப் பேசிக்கொள்வார்கள்: "இந்தத் தடவை திருடனாகப் பிறக்கலாமா, பூசாரியாகப் பிறக்கலாமா?" முதலில் கேட்டபோது, மறுபிறவியில் நம்பிக்கை உள்ளவர்கள் போலிருக்கிறது, நம்மவர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஒரு வீடியோ கேம். மலையும் காடும் ஆறுமாக ஒரு தேசமே திறந்து கிடக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் போவதற்கு முன், மூக்கிலிருந்து பிறந்த மண் வரைக்கும் நம்மை நாமே செய்துகொள்ள வேண்டும். நிஜத்தில் யாருக்கும் கிடைக்காத இந்த வசதியை அவர்கள் சாண்ட்விச் கடித்தபடி அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களோடு ஆடிய நாலாவது ஆள் ஊர் மாறிப் போய்விட, அந்த மூவரில் ஒருத்தியான லேனா என்னைக் கூப்பிட்டாள். "ரெண்டு சனிக்கிழமை ஆடிப் பார்ப்போம், ஒத்துப்போனால் தொடரலாம்" என்றாள். இந்த நாட்டில் வேலையிலிருந்து பாட்டு வகுப்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரு ப்ரோபெட்சைட் உண்டு. தகுதிகாண் காலம். வந்து இரண்டு வருடமாகியும் "ஹலோ", "நல்ல வார இறுதி" என்பதைத் தாண்டி என்னோடு ஒருவரும் பேசியதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் குரலை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன். அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாலாவது இடம் எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் லேனாவின் வீட்டில் மடிக்கணினியைத் திறந்ததும் கேம் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கியது: எந்த மண்ணில் பிறந்தாய்? மலை, கடற்கரை, காடு, நகரம். நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. எங்கள் வகுப்பில் எல்லோரும் அதே டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் சொந்த ஊர் எது என்றால் ஒருவன் தருமபுரி என்பான், ஒருத்தி தென்காசி என்பாள். நான், பண்டிகைக்கு மட்டும் போய்வந்த சேத்தியாத்தோப்பைச் சொல்வேன். நெய்வேலி என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்து மலையை அழுத்தினேன். எங்கள் ஊரில் இருக்கும் ஒரே மலை, சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு. இருந்தாலும் மலை மலைதானே.

அடுத்து, கையில் கொடுத்த புள்ளிகளை வாள்வீச்சு, மந்திரம், வாய்ச்சாலகம் என்று பிரித்துப் போடச் சொன்னது. நான் அத்தனையையும் 'சுமை தாங்குதல்' என்பதில் கொட்டினேன். லேனா எட்டிப் பார்த்துவிட்டு, "எதற்கு? ஊர்த் தலைவர் ஆளுக்கொரு வீடு தருவார். உள்ளே பெரிய பெட்டி இருக்கும்" என்றாள். "இருக்கட்டும்" என்றேன்.

முதல் சனிக்கிழமை குஷியாகப் போயிற்று. இரண்டாவது சனிக்கிழமை ஓநாய்கள் வந்தன. மூன்று பேரும் ஓடினார்கள். என் ஆள் மட்டும் மாசமான பெண்ணைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தான். தாங்கும் அளவுக்கு மேல் சுமந்தால் ஓட முடியாது என்பது கேமின் விதியாம். என்னைக் காப்பாற்றத் திரும்பி வந்த மூன்று பேரும் வரிசையாகச் செத்தார்கள். நம் சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

லேனா என் மூட்டையைத் திறந்து பார்த்தாள். வாணலி, மெழுகுவத்தி, ஒரு முக்காலி, துடைப்பம், கிழிந்த போர்வை, பாதி தின்ற முட்டைக்கோஸ்.

"இதையெல்லாம் ஏன் உன் வீட்டில் வைக்கவில்லை?"

"அது என் வீடு இல்லையே. தலைவர் கொடுத்தது."

"கொடுத்துவிட்டால் உன்னுடையதுதானே?"

"எதுவரைக்கும்?"

"எதுவரைக்கும் என்றால்?" அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. எனக்கு அவளுடைய பதில் புரியவில்லை.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட்டில் இருந்தவரை நாங்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே கூரை வீட்டில் இருந்தோம். பெர்மனன்ட் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அகலமான தெரு, குழாயில் தண்ணீர், கொல்லையில் பலாக்கன்று. வேலை உள்ளவரைக்கும்தான் அந்த வீடு என்று தெரிந்தேதான் வாழ்ந்தோம். அப்பா ஓய்வு பெற்றபின் காலி செய்தபோது கொடிக்கம்பி வரைக்கும் அவிழ்த்து லாரியில் ஏற்றினார். "ஒரு சாமானும் உடாத, எல்லாத்தையும் ஏத்து. அப்பறம் வாட்ச்மேன் கேட் உள்ளயே உட மாட்டான்" என்று எங்களை விரட்டினார். ஏற்ற முடியாமல் விட்டது அந்தப் பலாமரத்தை மட்டும்தான். அந்த வருடம்தான் அது நன்றாகக் காய்த்திருந்தது. லாரியில் எனக்கு அழுகை வந்தது.

மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "வேண்டுமானால் நீ வேறு ஆளாகப் பிறக்கலாம். கேம் புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்கும்" என்றாள் லேனா. நான் மாட்டேன் என்றேன். அவன் அசடுதான், ஆனால் என்னைப் போலவே இருந்தான். மூவரில் மார்ட்டின் அதிகம் பேசாத ஆள். "அப்படியானால் முதலில் இந்த முட்டைக்கோஸை இறக்கு" என்றான். எல்லோரும் என் வீட்டுக்குள் வந்தார்கள். வாணலியை அடுப்பில் வைத்தோம், முக்காலியை ஜன்னலோரம் போட்டோம். மூட்டை காலியானதும் என் ஆள் முதல் தடவையாக ஓடினான். ஓடிய வேகத்தில் நேராகக் குளத்தில் விழுந்தான். மார்ட்டின் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அடுத்த வாரத்திலிருந்து குகையில் கிடைப்பதையெல்லாம் இவன் சுமக்கட்டும். எல்லாம் இவன் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றான். அடுத்த வாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அந்த அடுத்த வாரம், கேமில் லேனா ஒரு மான் தலையைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் மாட்டச் சுத்தியலை ஓங்கினாள். என் வாயிலிருந்து தமிழ் தெறித்தது. "ஏய், ஆணி அடிக்காத!"

சுத்தியல் அப்படியே நின்றது. குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்தால் கம்பெனி ஆட்கள் வந்து திட்டுவார்கள் என்று விளக்கினேன். "இங்கே யார் திட்டுவார்கள்?" என்று லேனா கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் குள்ளஞ்சாவடிக்கு வீடியோவில் பேசினேன். ஓய்வுபெற்ற பின் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கேமில் எனக்கு ஒரு வீடு கிடைத்த கதையைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இன்னாடா சொல்ற, வூடு குடுத்துட்டானா? எத்தினி நாளைக்கு?"

"எப்பவுமேம்மா. யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

"பெர்மனன்ட்டா?"

என் விசா அடுத்த வருடம் வரைக்கும். வேலை ஒப்பந்தமும் அதுவரைக்கும்தான். "ஆமாம்மா, பெர்மனன்ட்டு" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீற? நம்ம வூடுதான, ஆணி அடிச்சிக்க" என்றார் அம்மா. அவருக்குப் பின்னால், சொந்த வீட்டின் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. காலண்டரை ஜன்னல் கம்பியில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.