கச்சான் காற்றில் சாய்ந்த மரங்கள்

எழுபதுகளில் நான் தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிய தோணியை ஓட்டிச் செல்லும் தண்டல் ஒருவர், புறப்படும் அனுமதித் தாளுக்காக என் மேசைக்கு எதிரே காத்திருந்தார். உப்புக்காற்றில் வெளுத்த புருவம். அவரால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. எழுந்து போய்க் கொடிமரத்தில் காற்றைப் பார்த்துவிட்டு வருவார்.

உட்காரும் நேரத்தில் தன் மகளின் பொம்மை வீட்டுக்குப் பூமரம் செய்தார். கயிற்றுத் துண்டைப் புரிபுரியாகப் பிரித்துத் தார் தடவி விறைக்க வைத்த கிளைகள். அவற்றில் நெல்லளவுக்கு நறுக்கி ஒட்டிய பிளாஸ்டிக் பூக்கள். சாண் உயரத்தில் மூன்று மரங்கள், மூன்றும் ஒரே பக்கம் கோணல். அவர் வெளியே போயிருந்தபோது, உதவுவதாக நினைத்து இரண்டை நிமிர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்ததுமே கண்டுகொண்டார்.

"ஏன் தம்பி நிமித்துனிய? வாடையில போறவன் தென்மேற்குலருந்து கச்சான் காத்து அடிச்சாத்தான ஊரு திரும்புவேன்? எங்க வீட்டு வாசல்ல எப்பவும் கச்சான் அடிக்கணும்னு பிள்ள சொல்லிருக்கா."

அதை அவர் மறுபடி வளைத்து முடிக்கவும் கையெழுத்தான தாள் வரவும் சரியாக இருந்தது. மூன்றையும் பையில் அள்ளிக்கொண்டு ஓடினார். கரையில் நின்ற மனைவியிடம் பையைக் கொடுத்துவிட்டுத் தோணி ஏறியதைச் சன்னல் வழியே பார்த்தேன். நான் நிமிர்த்திய இன்னொரு மரம் வளைக்கப்படாமலே பையில் போனதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வருடம் கச்சான் எழுந்த பிறகு, அந்தத் தோணி திரும்புகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்ததில், என்னாலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.