சொந்த வேலையாக ஒரு மாதிரிப் பாடம்

போன சனிக்கிழமை சூளகிரிப் பக்கம் ஓர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ரிடையரான பள்ளி இன்ஸ்பெக்டருக்கு அங்கே நாற்காலி உண்டு, அதிகாரம் கிடையாது. வசதியான ஏற்பாடு!

மாதம் ஒரு கூட்டம். சேலத்திலிருந்து நிபுணர் வந்து மாதிரிப் பாடம் நடத்துவார். அதற்கென்றே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி, முதல் நாளே ஒத்திகை பார்த்து உட்கார வைத்திருப்பார்கள். கேள்வி முடியுமுன் பதில் வரும். 'அபாரம்' என்போம். உப்புமா சாப்பிடுவோம். நிபுணர் பஸ் ஏறியதும் பயிற்சியும் கூடவே ஏறிவிடும்...

இந்தத் தடவை நிபுணருக்கு ஜலதோஷம். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார் புது இன்ஸ்பெக்டர். இளைஞர்.

கூட்டம் நடந்த பள்ளியின் ஒரே ஆசிரியை சரோஜம்மா எழுந்தார். திருவண்ணாமலைக்காரர், தெலுங்கு தெரியாது. அவருடைய குழந்தைகளுக்கோ வீட்டில் தெலுங்கு மட்டும்தான். மாநில எல்லையை டில்லியில் முடிவு செய்தவர்கள் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"பாதிப் பசங்க வர்றதில்லைங்க சார். இன்னும் குறைஞ்சா கிராண்டு நின்னுடும். பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. நிபுணர் வந்துட்டுப் போயிடறார். அப்புறம் நான் யாரைக் கேக்கறது?"

"எங்களைக் கேளுங்க" என்றார் மாதையன். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர். கொஞ்சம் பெருமைக்காரர்.

நான் விடவில்லை. "நம்மிலேயே மூன்று பேர் பொறுப்பேற்கட்டும். வாரம் ஒருவராக இங்கே வரட்டும். இன்றே ஆரம்பிக்கலாம், இந்தக் குழந்தைகளை வைத்தே."

"ஆசிரியருக்கு ஆசிரியரே பயிற்சி கொடுக்க விதியில் இடமில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாதிரிப் பாடம் நடக்க வேண்டும் என்கிறது விதி. யார் நடத்துவது என்று சொல்லவில்லை."

"வருகைப் பதிவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட்!"

பின்வரிசையிலிருந்து கிருஷ்ணப்பா வாத்தியார் கேட்டார்: "லீவு எழுதிக் குடுத்துட்டா ஆப்சென்ட் ஆகாதில்ல சாரே?"

அடடா! ஆளுக்கொரு தாள் கிழிந்தது. காரணம்: சொந்த வேலை. பொய்யா? இதைவிடச் சொந்த வேலை வேறென்ன இருக்கிறது?

"சாங்ஷன் செய்ய மாட்டேன்!"

"அதையே எழுத்தில் கொடுங்கள். மேலே அப்பீல் போக வசதியாக இருக்கும்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தாள்களை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

முதல் பாடம் மாதையனுடையது. சொம்பைத் தூக்கிக் காட்டி, தண்ணீரின் பெருமை பற்றித் தமிழில் ஒரு பிரசங்கமே செய்தார். குழந்தைகள் அவருடைய மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீயே பேசிட்டிருந்தா அதுங்க எப்பப்பா வாயைத் திறக்கும்?" என்றார் கிருஷ்ணப்பா. "முதல்ல அதுங்க பாஷையில சொல்லட்டும்."

மாதையனுக்குக் கோபம்தான். ஆனாலும் சொம்புத் தண்ணீரைக் காட்டி, இது என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"நீள்ளு!" — கூரை ஓடு அதிர்ந்தது.

அடுத்து சரோஜம்மா. பானை, இலை, கல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குழந்தைகள் தெலுங்கில் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு தகராறு. ஒரு சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் தமிழில் சொன்னதை அதே சிறுமி சொல்லிக் காட்டினாள். வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே நகர்ந்தார்கள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

இன்று நேரில் போய்ப் பார்த்தேன். வகுப்பில் உட்கார இடமில்லை. ஆசிரியர்களின் லீவுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை.

ஆசிரியர்களுக்கு ஆப்சென்ட் போடட்டும், பிள்ளைகள் பிரசென்ட்!